வைதேஹி விட்ட காலி இடம்

திருவள்ளூர்க் கோயில் மடைப்பள்ளி ராமபத்ரனின் மகள் வைதேஹி, 1976இல் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் கம்ப்யூட்டர் அட்டைகளில் துளையடிக்கும் வேலை பார்த்தாள். புரோகிராமின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. திரும்பத் திரும்ப ஓடவேண்டிய வரிகளை மட்டும் அவள் இடப்பக்கம் நாலு இடம் காலி விட்டு, உள்ளே தள்ளி அடிப்பாள். யாரும் சொல்லித் தந்ததல்ல. ஓர் இடம் பிசகினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டு மறுபடி அடிக்கிற பிடிவாதக்காரி.

"இன்னாத்துக்குமா இந்த வேல? காலி எடத்த மெஷின் கண்டுக்காது," என்று புரோகிராம் எழுதித் தரும் ராஜமாணிக்கம் சலித்துக்கொள்வார்.

ஒருமுறை, மாதம் முழுக்க வார்த்த இரும்பின் எடையைக் கூட்டச் சொன்னால், கம்ப்யூட்டர் கடைசி நாள் எடையை மட்டும் தந்தது. ராஜமாணிக்கம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். புரோகிராம் அச்சாகி வந்த தாளை வைதேஹி வாங்கிச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே தள்ளிய வரிகளுக்குக் கீழே, கூட்டல் வரி மட்டும் இடதோரத்தை ஒட்டி நின்றது.

"தினம் தினம் கூட்டணும்னா இது உள்ளேதானே சார் இருக்கணும்? நீங்க எழுதினபடி வெளியில நிக்கறதே."

அவர் தாளை வாங்கி, கூட்டல் வரியைப் பென்சிலால் அம்புக்குறி போட்டு உள்வரிகளோடு சேர்த்தார்.

"காலி இடத்தை மெஷின் கண்டுக்காதுதான் சார்," என்றாள் வைதேஹி. "மூணு நாளா தப்பைத் தேடினது மெஷினா?"