கலிங்குப் பக்கம் இழுத்த காற்று

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மதராஸ் பாதி காலியான வருஷம் எனக்குப் பதினாறு வயது. அப்போது எங்கள் திருத்தணிக்கு வந்து குடியேறியவர்களில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் இருந்தார். மற்றவர்கள் பாத்திரம் பண்டம் கொண்டுவந்தார்கள். அவர் கூட்ஸ் வண்டியில் மூன்று சின்னப் பாய்மரப் படகுகளைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஏரி நிரம்பியதும் அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, பையன்களுக்கு ஒரு போட்டி வைப்பதாகச் சொன்னார்.

என் அத்தை மகன், நான் பாவா என்று கூப்பிடுகிறவன், முதல் ஆளாகப் பேர் கொடுத்தான். என்னைக் கேட்காமலே என் பேரையும் கொடுத்துவிட்டான்.

எனக்குத் தண்ணீர் பயமில்லை. கலிங்குதான் பயம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து இறங்குகிற கல் கட்டு அது. அதற்கு அப்பால் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பாறைப் பள்ளம். முந்தைய வருஷம் ஒரு எருமை அதில் அடித்துக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்திருந்தேன். கொம்பு கல்லில் மோதிய சத்தம் பல நாள் காதை விட்டுப் போகவில்லை.

போட்டி நாளில் துறைமுகக்காரர் மிதப்பதற்காக ஆளுக்கொரு காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். "காத்து மாறுச்சின்னா மொதல்ல பாய எறக்கிடுங்க. செயிக்கிறதெல்லாம் அப்புறம்" என்றார்.

கரையில் ஊரே நின்றது. படகு கொஞ்ச தூரம் போனதுமே பாவா குடுக்கையை அவிழ்த்துக் காலடியில் போட்டான். "கொயந்தப் பசங்க மாதிரி இத்தக் கட்டிகினு போறதா?" என்று சிரித்தான்.

எதிர்ப்புறம் மூங்கிலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவன் பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். நான் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தேன். வாடைக்காற்று சீராக வீசியது. மூங்கிலை முதலில் சுற்றியது நாங்கள்தான்.

திரும்பி வரும் வழியில், பாதி ஏரியில், காற்று நின்றுபோனது. பாய் துவண்டு தொங்கியது. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த அமைதியில்தான் கலிங்கு கொட்டுகிற இரைச்சல் முதன்முதலாக என் காதில் விழுந்தது. மேற்கே பார்த்தேன். மலையைக் காணோம். கோயில் இருந்த இடத்தில் கறுப்பாக மழை நின்றது.

"பாவா, பாய எறக்கிடலாம்."

"சும்மா இரு. பின்னால அவுனுங்க வந்துகினு இருக்கானுங்க."

"மலையப் பாரு பாவா."

அவன் பார்க்கவில்லை. அடுத்த மூச்சுக்குள் காற்று மேற்கிலிருந்து வந்து அறைந்தது. பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுழன்று பாவாவின் தோளில் அடித்தது. படகு அப்படியே படுத்துவிட்டது.

நான் தண்ணீருக்கு மேலே வந்தபோது மழை கண்ணைத் திறக்கவிடவில்லை. கரை தெரியவில்லை, மற்றப் படகுகள் தெரியவில்லை. பாவா படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்திருந்தான். மற்றக் கை தூக்க வரவில்லை. கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறவன், பல் கிட்டிப்போய், "என்ன உட்டுட்டுப் போயிடாதடா" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. காற்று எங்களை எங்கே தள்ளுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

 என் இடுப்புக் குடுக்கையை அவிழ்த்து அவன் கழுத்தில் மாட்டினேன். அது தைரியமில்லை. அவன் என்னைப் பிடித்து அமுக்கிவிடுவானோ என்ற பயம். பிறகு முடிச்சைத் தடவிக் கண்டுபிடித்துப் பாயை அவிழ்த்துவிட்டேன். படகின் அடியில் துருத்திக்கொண்டிருந்த பலகைமேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். மூன்றாவது முறை பாய்மரம் மெல்லத் தண்ணீரை விட்டு எழுந்தது.

படகு நிமிர்ந்தது, ஆனால் விளிம்பு வரை தண்ணீர். பாவாவை உள்ளே இழுத்துப் போட்டேன். கலிங்குக்கு முன்னால், தண்ணீரில் பாதி மூழ்கிய கருவேல மரங்கள் மழையில் தெரிந்தன. சுக்கானைத் திருப்பினேன். கனத்த படகு எருமை மாதிரி யோசித்து யோசித்துத் திரும்பியது. "கையால தண்ணியத் தள்ளு பாவா" என்றேன். ஒரு கையால் தள்ளினான். ஒரு கிளை முகத்தைக் கிழித்தது. ஒரு கையால் அதைக் கட்டிக்கொண்டேன், முள் முள்ளாக; மறு கையால் பாவாவை இழுத்துப் பிடித்தேன். படகு எங்களை விட்டுவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில், கலிங்குக் கல்லில் மரம் உடையும் சத்தம் கேட்டது. பாவா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

மழை விட்டதும் கிணற்றுத் தோண்டிக் கயிறுகளோடு ஆட்கள் வந்தார்கள். மற்ற இரண்டு படகுகளும் முன்பே பாயை இறக்கிவிட்டு எதிர்க்கரையில் ஒதுங்கியிருந்தன. யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை. துறைமுகக்காரர் உடைந்த படகைப் பார்க்கக்கூடப் போகவில்லை. எங்கள் தலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் அப்பா, நைனா, என்னை அடிப்பார் என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தவர், கடைத்தெரு தாண்டி வீடு வரும்வரை விடவில்லை. 

ஒரு வாரம் கழித்து, தோளில் கட்டோடு பாவா டீக்கடையில் கதை சொல்லிக்கொண்டிருந்தான். படகை நிமிர்த்தியது தான்தான் என்றான். யாரோ என்னைப் பார்த்து, "அப்டியா?" என்றார். பாவாவின் முகம் மாறியது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது பார்த்த அதே முகம்.

"ஆங், பாவாதான்" என்றேன்.

அவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் கையில் சீழ் கோத்திருந்த இடங்களில் முட்களை ஒவ்வொன்றாக ஊசியால் நெருடி எடுத்தான்.