கரை மிதிக்காதவர்

தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியேதான் மாஸ்டர் பேசுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களின் வண்டியில் இப்படி இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. டீக்கடையில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் மேசைக்கடியில் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். "தூணைப் பாக்காதீங்க. பாத்தா நேரா அதுகிட்டதான் போவீங்க" என்பார். பயிற்சி மைதானத்தின் மூலைத் தூணில் நானும் இடித்திருக்கிறேன். எனக்கு முன்னால் இடித்தவர்களைப் பின் சீட்டிலிருந்து பார்த்துச் சிரித்தவன்தான் நான்.

"ஒருத்தன் இடிச்சா அடுத்தவனுக்குப் பாடமாம். அப்படின்னா அந்தத் தூணுல ஒரே ஒரு அடிதானே இருக்கணும்?" இது தூணைப் பற்றிய பேச்சு அல்ல, அவருடைய சம்பந்தியைப் பற்றியது என்பது மாஸ்டரிடம் ஒரு வாரம் பழகினாலே தெரிந்துவிடும்.

இருவரும் ஒரே போரில் சிப்பாய்கள். எதிரியின் கரையை முதலில் தாக்கப் போனது மாஸ்டரின் படை. கரைக்கு முன்னால், நீருக்கடியில் ஒரு மணல்மேடு. படகு அதில் தட்டியதும் கரை வந்துவிட்டது என்று, சிப்பாய்கள் இறங்குவதற்கான படகின் முன்கதவைத் திறந்துவிட்டார்கள். இறங்கியவர்களுக்கு மேட்டைத் தாண்டியதும் தலைக்கு மேல் தண்ணீர், முதுகில் மூட்டை. மாஸ்டரை யாரோ சட்டையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒரு கை கிடைக்கவில்லை. மறு ஆண்டு அதே கரைக்குச் சம்பந்தியின் படை போனது. மேட்டில் தட்டினால் கதவைத் திறக்காதே, அதைத் தாண்டிப் போ என்று அவர்களுக்கு உத்தரவு. நேரே கரையில் இறங்கினார்கள், வென்றார்கள்.

பிற்பாடு இவர் மகள், ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல, அவர் மகனைக் காதலித்துத் தொலைத்தாள். வயிற்றெரிச்சல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சம்பந்திக்குப் பதக்கம், வெற்றி நாளில் மாலை, முன்வரிசை நாற்காலி. பேத்தி கதை கேட்க அந்தத் தாத்தாவிடம்தான் ஓடுகிறாள். அவருக்கு முழங்கால் வலிக்காததுகூட மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"பொறாமைதான். அதை எதுக்கு மறைக்கணும்? அந்த ஆளு கரையில நின்னாரு. நான் ஒரு கால்கூட வைக்கலை."

சம்பந்தி நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. இந்த ஆண்டு வெற்றி நாள் விழாவில் மாஸ்டரை மேடையேற்றி, 'இவர்கள் தோற்றதால்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்' என்று சொல்ல ஆசைப்பட்டார். மாஸ்டர் கொதித்துப்போனார். "பாடமா? ஒரு மூங்கிலை விட்டு ஆழம் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே. அதுக்கு என் கூட்டாளிங்க சாகணுமா? நாங்க ஜெயிக்கத்தான் போனோம், இவருக்குப் பாடம் எடுக்கப் போகலை." பிறகு குரல் இறங்கியது. "பாடமும் இல்லைன்னா அவனுங்க எதுக்குச் செத்தானுங்க?" என்று என்னைக் கேட்டார்.

விழா நாள் காலையில்தான் மழை விட்டது. தானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று சம்பந்தி அடம்பிடித்தார். அவரும் மாஸ்டரிடம்தான் கற்கிறார். "வாசல் வரைக்கும்தான் வருவேன். மேடைன்னு பேச்செடுத்தா இறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பக்கத்தில் ஏறினார். நான் பின்னால். "கிளட்ச்சை மிதிக்கத் தெரியலை, நெஞ்சுல மட்டும் பளபளன்னு மாட்டிக்கிட்டு" என்று என் பக்கம் திரும்பி, அவர் காதில் விழும்படியே முணுமுணுத்தார்.

ரயில் பாலத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. சம்பந்தி வண்டியை நிறுத்தினார்.

"ஆழம் தெரியலையே சம்பந்தி. திரும்பிடலாமா?"

மாஸ்டர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, என் குடையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

"ஐயோ, நீங்க எதுக்கு?"

"நான் சொல்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க."

குடை நுனியால் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்து நடந்தார். நடுவில் ஓரிடத்தில் குடை பாதிக்கு மேல் உள்ளே போனது. அங்கே நின்று, வண்டி வரும்போது அந்த இடத்தை விட்டு ஒதுங்க வேண்டும் என்று கையால் காட்டினார். அப்புறம் தண்ணீர் கெண்டைக்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. மறுபக்கத்துத் தார்ச்சாலையில் ஏறியவர், ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். மற்றக் காலையும் மிதித்தார். அதன் பிறகுதான் திரும்பி, சம்பந்தியை வரச்சொல்லிக் கையசைத்தார்.