ஸ்டிக்கர் எரிந்த கிறிஸ்துமஸ்

என் வேலை அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பது. மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் பத்து வருடம் இருந்தேன், அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்று என் கணவர் சொல்வார். அதில் என்னால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்து மௌலா அலியில், ரயில்வே காலனிக்குப் பின்னால் குடியிருந்தோம். ஊரில் கேட்பவர்களிடம் ஹைதராபாத் என்போம். ஆனால் மௌலா அலி தனி ஊர் மாதிரிதான். ஒரு ஸ்டேஷன், ஒரு குன்று, குன்றின் மேல் தர்கா, கீழே ஒரு பேக்கரி. எங்கள் சபையில் தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்குள்தான் இருக்கும். பலர் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள். பேச்சில் பாதி தமிழ், மீதி எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

அங்கே கிறிஸ்துமஸ் கேக்கை யாரும் கடையில் வாங்க மாட்டார்கள். வீட்டிலும் சுட மாட்டார்கள். மைதா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ஊறவைத்த பழம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி காலையில் பேக்கரிக்குப் போவார்கள். கடை ஆட்கள் அதைக் கலந்து, கடையின் டின்களில் ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். வீட்டுக்கு இரண்டு டின். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. எது யாருடையது என்பதற்கு வரிசை ஒன்றுதான் அடையாளம். வரிசைப்படி உள்ளே போகும், கடைசியில் போனது முதலில் வெளியே வரும். ஆகவே தன் டின் வரும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. முதல் வருடம் நான் ஐந்து மணி நேரம் நின்றேன். கால் வலித்ததைவிட இப்படி ஒரு மடத்தனமான ஏற்பாட்டை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்களே என்ற எரிச்சல்தான் அதிகம்.

அடுத்த வருடம் ஆபீஸ் பிரிண்டரில் நம்பர் போட்ட ஸ்டிக்கர்களை அச்சடித்துக்கொண்டு போனேன். டின்னில் ஒரு நம்பர், கையில் அதே நம்பருக்கு ஒரு டோக்கன். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

"கைக்கு மா? எதுக்கு இதெல்லாம்? லைன் நல்லாத்தானே ஓடுது" என்றார் பேக்கரி முதலாளியான பாய். ரயில்வே குடும்பங்களோடு பழகியே தமிழ் கற்றவர் அவர்.

நான் விளக்கினேன். எனக்கு விளக்க வரும். அரை மணியில் பாய் கையைத் தூக்கிவிட்டார்.

அடுப்பு சூடாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். காகிதம் எரியும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் டோக்கனோடு வந்து நின்றோம். மேஜை முழுக்க டின்கள். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை. நம்பர் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆட்களும் வரிசை பார்க்காமல் கிடைத்த இடத்தில் டின்னைத் தள்ளியிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போகலாமே என்று யாரோ சொன்னார். நடக்கிற காரியமா? எங்கள் நெய்யை இவர்கள் தின்னவா என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. நான்தான் முன்னே போனேன். ஒவ்வொருவரும் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். கேக் வெந்ததா என்று குத்திப் பார்க்கும் கம்பியைப் பாயிடம் வாங்கி, ஒவ்வொரு டின்னிலும் குத்தி எடுத்து முகர்ந்தேன். ஆரஞ்சுத் தோல் ஒரு வீடு. வெண்ணெய்க்குப் பதில் நெய் ஒரு வீடு. கிராம்பை அள்ளிக் கொட்டியது ஒரு வீடு. "பையனுக்கு முந்திரி ஒத்துக்காது, அதனால போடல" என்று ஒரு அம்மா சொன்னார். முந்திரி தட்டுப்படாத இரண்டை அவரிடம் எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைய ஆரம்பித்தது. சுட்டது யாரோ, ஆனால் எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் நான்கு டின்கள் மிஞ்சின. இரண்டு கறுத்து, கனமாக இருந்தன. இரண்டு வெளுத்து, உப்பி, லேசாக இருந்தன. பாக்கி இரண்டே வீடு, எங்களுடையதும் பக்கத்து வீட்டு அக்காவுடையதும்.

அக்கா ஞாயிறு பள்ளி டீச்சர். அவர் கேக்குக்குச் சபையில் தனி மரியாதை. அந்த வருடம் அவருக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. மகளுக்கு இரண்டு சம்பந்தம் கைகூடி வந்து நழுவிய பிறகு மூன்றாவது அமைந்திருந்தது, ஜனவரியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை எங்கள் சபைப் பையன். முந்திரி ஒத்துக்காது என்று சொன்னாரே, அந்த அம்மாவின் மகன்தான். கிறிஸ்துமஸ் மதியம் மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்கா வீட்டில் சாப்பாடு என்று பேச்சு. இதுவும் கலைந்தால் தாங்க மாட்டேன் என்று அக்கா என்னிடமே சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா தன் டின்களைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். அக்கா கனமான இரண்டையும் தன் பக்கம் இழுத்தார்.

"இது ரெண்டும் நம்மளுது" என்றார்.

எனக்கு முகராமலே தெரியும். நிறத்துக்காகக் கருக்கிச் சேர்க்கும் சர்க்கரைக்குப் பதிலாக, அம்மா ஊரிலிருந்து அனுப்பிய கருப்பட்டியைக் காய்ச்சி ஊற்றியிருந்தேன். கம்பியைக் குத்தி எடுத்தேன். நாகர்கோவில் வாசனை.

"அக்கா, அது எனக்க கேக்குல்லா" என்றேன்.

"நக்கோ மா, இல்ல, நான் பாத்துட்டேன். நம்மளுதுதான்."

பாய் குறுக்கே வந்தார். "ஹவ் மா, டீச்சரம்மா சொல்றது சரி. நானே கையால கலந்தேன். பெரிய டின்னு அவங்களுது."

பெரிய டின், சின்ன டின் என்று அந்தக் கடையில் எதுவுமே கிடையாது. இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் பேசாதே என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிற அக்கா எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கணக்குச் சரியா என்பது மட்டுமே அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

மேஜை மேல் ரொட்டிக் கத்தி கிடந்தது. லேசான டின்னில் ஒன்றைக் கவிழ்த்து நடுவில் வெட்டினேன்.

உள்ளே பழமே இல்லை. அங்கங்கே சிவப்பும் பச்சையுமாக மலிவான பூசணி மிட்டாய்த் துணுக்கு. முட்டையும் குறைவு, கத்தி பட்டதும் உதிர்ந்தது. அடுத்து கனமானதை வெட்டினேன். முந்திரியும் திராட்சையும் கருப்பட்டி வாசனையுமாக அடர்த்தியாக இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவிடம்தான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை போய் மூணு மாசம் ஆச்சுங்க. நிச்சயம் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். தப்புதான்."

அந்த மூன்று மாதமும் காலையில் என் கம்பெனி பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். அங்கே டீக்கடை பெஞ்சில், ரயிலேறி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அக்காவின் கணவர் சாப்பாட்டுப் பையோடு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினமும் கையாட்டிவிட்டுப் பஸ் ஏறுவேன். அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்து, எங்கள் ஆபீஸிலேயே பாதி நாற்காலி காலியான வருடம் அது. வரிசையாக எத்தனையோ கேக்கை முகர்ந்து பார்த்தவளுக்கு அந்த மனுஷன் எந்த ரயிலும் ஏறுவதில்லை என்பது கண்ணில் படவில்லை. கலக்கும்போதே சாமானைப் பார்த்த பாய்க்குக்கூடப் புரிந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அந்த உதிர்ந்த கேக்கில் ஒரு துணுக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் டின் ஒன்றை மேஜை மேல் வைத்து, என் கையிலிருந்த கத்தியை வாங்கி, தானே வெட்டினார். அதிலும் பூசணி மிட்டாய்தான்.

"முந்திரி அவனுக்கு நல்லா ஒத்துக்கும்" என்றார். "நான்தான் வாங்கல. ரெண்டு மாசமா கம்பெனியில பையனை வேலை குடுக்காம சும்மா உக்கார வெச்சிருக்காங்க. எப்ப அனுப்புவாங்கன்னு தெரியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் தூங்கல டீச்சர்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜனவரியில் நிச்சயம் என்று அங்கேயே, மாவுச் சிதறல் நடுவிலேயே முடிவாகிவிட்டது. பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. அடுத்த வருடத்திலிருந்து பழையபடி வரிசைதான் என்று என்னைப் பார்க்காமல் அறிவித்தார்.

நடந்ததை என் கணவரிடம் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பொய் உடைந்தது, கல்யாணம் நிலைத்தது, எல்லாம் என்னால் என்றேன். கிறிஸ்துமஸ் அன்று அக்கா வீட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் போல எங்களுக்கும் கேக் வந்தது, மகள் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் எங்கள் கேக்கைக் கொடுத்தனுப்பினேன். சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில் சபையில் எல்லோருக்கும் நிச்சயதார்த்த அழைப்பு போனது. எங்களுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டை யாரும் மறக்க மாட்டார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து நிலையிலேயே நின்றார். அன்று அப்படிச் செய்திருக்கக் கூடாது, இருந்தாலும் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று சொன்னேன். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஹவ் மா, நல்லாத்தான் முடிஞ்சது" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஆனா நீ அதுக்காகவா கத்தியை எடுத்தே?"

நான் வாசல்படியிலிருந்து ஒரு எட்டு பின்னால் இறங்கினேன்.

"நிச்சயத்தன்னைக்கு நீ வராதே மா" என்றார் அக்கா.

நான் போகவில்லை.