அம்மாவின் முட்டிக்கு வாங்கிய ஜெல்

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அம்மாவின் இடது முட்டியும் இருக்கிறது. கோவிலுக்குப் போவதா வேண்டாமா, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவதா கதவோரம் உட்காருவதா, கொட்டகலை பசாருக்கு நடந்து இறங்குவதா ஆட்டோ பிடிப்பதா, எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும். யாராவது எதற்காவது அழைத்தால், "முட்டி என்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்பார் அம்மா. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அம்மா கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நான் அதே தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி, பசாரில் ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். மருந்துக் கடையில் மகள் இருந்தால் வீட்டில் நோயே இருக்காது என்று லயத்தில் ஒரு நினைப்பு உண்டு. அப்படி நினைப்பவர்கள் என் அம்மாவோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி நின்று பறித்தே தேய்ந்த முட்டி அது. அந்த வலிக்கு அம்மாவிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. பெட்டிக்கடையில் வாங்கிய ஏதோ ஒரு வலிக் குளிசையை, வெற்றிலை போடுகிற லாவகத்தோடு வாயில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்.

பிரஷருக்காகக் கிளினிக்குக்குப் போகிற வழக்கம் அம்மாவுக்கு இருந்தது. மழை தொடங்கிய சமயம், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டொக்டர் நோனா முகத்தைச் சுருக்கினார். கிட்னி கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது, இனி வலிக் குளிசையைத் தொடவே கூடாது என்றார். அதற்குப் பதிலாக அந்த ஒரு முட்டிக்கு மட்டும், காலையிலும் மாலையிலும், கொஞ்சமாக ஜெல் தடவலாம். சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும், கிட்னி இன்னும் மோசமாகியிருந்தால் ஜெல்லையும் நிறுத்த வேண்டி வரும். இதையெல்லாம் அவர் சிங்களத்தில் சொல்ல, அம்மா எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அதே மொழியில் "ஹரி நோனா, ஹரி நோனா" சொல்லித் தலையாட்டினார்.

நான் தலையாட்டவில்லை. அப்பா கிட்னி கெட்டுத்தான் போனார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய இடுப்பு வலிக்கு அவரும் இதே குளிசைகளைத்தான் விழுங்கினார். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோயும் இருந்தது. எது கெடுத்தது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ரத்தம் சுத்தம் பண்ணக் கண்டிக்கு அவரைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது நான்தான். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்குவார். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

ஆகவே அந்த ஜெல்லை நான் சும்மா வீட்டுக்குள் விடவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் கடுதாசியை எடுத்து விரித்துப் படித்தேன். வயிற்றுப் புண் உள்ளவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. படிக்கப் படிக்க, இதைத் தடவுவதைவிட முட்டியைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது போலத் தோன்றியது. மறுநாள் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர்தான் கடையின் மருந்தாளரும். பசாரில் பழைய முஸ்லிம் குடும்பம். பொறுமையான மனிதர், என்னை வேலைக்கு வைத்திருப்பதே அதற்குச் சாட்சி.

"மகள், குளிசை எண்டா முழுசா ரத்தத்துல கலந்து ஒடம்பு பூராச் சுத்தும். இது தோல்ல பூசுறது. கொஞ்சந்தான் உள்ளுக்குப் போகும்" என்றார்.

"அந்தக் கொஞ்சம் கிட்னிக்குப் போகாதா சேர்?"

"போகும். அதனாலதானே டொக்டர் அளவு சொல்லி ஈக்கிறாங்க. ரெண்டு காலுக்கும் அள்ளிப் பூசினா, புண்ணுல பூசினா, பூசிட்டு மேல பொலித்தீன் சுத்திக் கட்டினா, கூடுதலாப் போகும். குளிசையோட சேத்துப் போட்டாலும் கூடாது. ஒரு முட்டிக்கு அளவாப் போட்டா, உம்மா குடிச்சிக்கிட்டிருந்த குளிசைய விட இது எவ்வளவோ மேல்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரேயடியாப் பயந்தாலும் மருந்து வேலை செய்யாது மகள்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவை முக்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். புண்ணில் படக்கூடாது. அடுப்படியில் காலை நீட்டிச் சூடு காட்டக்கூடாது. தடவின கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. கூடுதலாகப் போட்டால் கிட்னி, குளிசையோடு போட்டால் கிட்னி, மறந்துபோய் இரண்டு தடவை போட்டால் கிட்னி. அம்மா கையைக் கட்டிக்கொண்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவின் ஏச்சைக் கேட்கிற அதே முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு வெவரம் இருக்கா இதுக்கு" என்றார் முடிவில். "சரி, வெளங்கிருச்சி. நானே பூசிக்கிறேன். நீ நேரத்துக்கு வேலைக்குப் போ."

சில நாளிலேயே டியூப்பின் வயிறு ஒட்டிப்போனது. ஒரு மாதத்துக்குக் காணும் என்று நான் கணக்குப் போட்டிருந்த டியூப் அது. கேட்டால், "எம் முட்டி பெருசு" என்றார் அம்மா. அடுத்த டியூப்பும் அதே வேகத்தில் மெலிந்தது. இரண்டு முட்டிக்கும் போடுகிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். பக்கத்துக் காம்பரா அக்காவுக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன், அவளுக்கு முட்டியே வலிக்காது, வாய்தான் வலிக்கும் என்றார். அந்த அக்காவின் அருகில் போய் மோப்பம்கூடப் பிடித்துப் பார்த்தேன். வெங்காய வாடை தவிர ஒன்றும் இல்லை.

இதில் என்னை உண்மையாகவே கலக்கியது வேறொன்று. இவ்வளவு ஜெல் போயும் அம்மாவின் நடை தேறவில்லை. முன்பைவிட மோசமாக நொண்டினார். லயத்துக்கு ஏறும் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நான் பார்க்காதபோது நின்று மூச்சு வாங்கினார். வலியும் குறையவில்லை, மருந்து மட்டும் அளவுக்கு மீறி உள்ளே போகிறது என்றால், அந்தக் கிட்னி என்னத்துக்கு ஆகும்? ரத்தப் பரிசோதனை நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். ஆகையால் அந்த நாட்களில் பூனை முதல் பாத்திரம் வரை எல்லோரும் என்னிடம் ஏச்சு வாங்கினார்கள்.

ஒரு நாள் விடாத மழையில் பாதையில் மண் சரிந்து, பசாருக்குப் போக வழியில்லாமல் போனது. அம்மா காலையிலேயே மலைக்குப் போயிருந்தார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, குடையோடு மலைக்கு ஏறினேன். பறிக்கிறவர்கள் தேத்தண்ணிக்காகக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். தூரத்திலேயே என் கடை வாடை அடித்தது.

அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். மழைக்காக இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைத் தொடைவரை சுருட்டி, இரண்டு காலையும் நீட்டி, டியூப்பைப் பிதுக்கிக் கணுக்கால், பாதம், விரலிடுக்கு என்று தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்ததும் டியூப் பக்கத்தில் இருந்தவர் கைக்குப் போனது. அவர் பூசிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கோவிலில் திருநீற்றுத் தட்டு போகிற மாதிரிப் போனது என் ஜெல்.

என்னைக் கண்டதும் ஒரு அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, "வாம்மா! ஓங்க கடை மருந்து நல்லா இருக்கும்மா. இந்த மழையில ஒரு அட்ட கிட்ட வரமாட்டேங்குது. சவுக்காரம் பூசுனா தண்ணியில போயிருது, இது அப்புடியே ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

அட்டை! மழைக் காலத்தில் தேயிலைச் செடிக்குள் காலை வைத்தால் அட்டை ஏறாமல் இருக்காது. அதற்கு எல்லாரும் சோப்புச் சவுக்காரமோ உப்போ சுண்ணாம்போ பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். என் அம்மா அதற்குப் புது மருந்து கண்டுபிடித்திருந்தார். அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் கசிகிற இடங்களிலும் வெள்ளையாக அப்பியிருந்தது. புண்ணில் படக்கூடாது என்று நான் தொண்டை வறளச் சொன்னது எந்தக் காதில் விழுந்ததோ.

"அம்மா! புண்ணுல போடக் கூடாதுன்னு சொன்னேன்ல? உள்ள போயிரும்னு சொன்னேன்ல?"

"எப்புடிப் போவும்?" என்றார் அம்மா, சபை நடுவே, கொஞ்சமும் அசராமல். "ரத்தம் உள்ளேருந்து வெளிய வருதுல்ல? அதுக்கு எதுத்தாப்புல மருந்து எப்புடி உள்ள போவும்? அதோட நான் இத தேய்க்கவே இல்லையே. தேச்சாத்தானே உள்ள போவும். மேல பூசத்தானே செஞ்சேன்."

சுற்றி இருந்தவர்கள் அது நியாயம்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். டியூப்பைப் பிடுங்கிக்கொண்டு, கொண்டுபோன ரொட்டியைக்கூடக் கொடுக்க மறந்து இறங்கி வந்துவிட்டேன். அதற்காக அம்மா இன்றுவரை என்னைச் சொல்லிக்காட்டுகிறார்.

சாயந்தரம் அம்மா வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அட்டைக்கு இவ்வளவு பூசினீங்களே, முட்டிக்கு எவ்வளவு போட்டீங்க?"

அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கேக்கிறேன்ல. முட்டிக்கு?"

"போடல."

"இன்னைக்கா?"

"என்னைக்குமே போடல. அதுக்குப் போட்டா தேய்க்கணும்னு சொன்னாங்க. தேச்சா உள்ள போவும். உள்ள போனா கிட்னின்னு நீதானே சொன்ன." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீ அந்தக் கடுதாசியப் படிக்கிறப்போ ஓ மொகத்தப் பாத்தேன். ஒங்கப்பாவக் கூட்டிக்கிட்டுக் கண்டிக்குப் போய்ட்டு வருவியே, பஸ்ஸ விட்டு எறங்குறப்போ அப்புடித்தான் இருக்கும் ஓ மொகம். இன்னொருக்கா ஒன்ன அந்த பஸ்ஸுல ஏத்த எனக்கு மனசு வரல புள்ள. முட்டிதானே, வலிச்சிட்டுப் போவுது. வேணாம்னா நீ விடமாட்ட, காசு குடுத்து வாங்குனது வீணாவும். அதான் அட்டைக்குப் பூசுனேன்."

குளிசையும் இல்லாமல், ஜெல்லும் இல்லாமல், அத்தனை வாரமும் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்ததால், "ஒங்களுக்கு அறிவே இல்லம்மா" என்று கத்திவிட்டுத்தான் அழுதேன். அம்மா, "இருந்தா ஏன் ஒன்னயப் பெத்தேன்" என்றார்.

ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. கிட்னி முன்பு இருந்த இடத்திலேயே நின்றது, மோசமாகவில்லை. அட்டைக் கதையை டொக்டர் நோனாவிடம் நான் சிங்களத்தில் விளக்கினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு அம்மாவின் கால் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு நிஜமாகவே கண்டித்தார். அட்டைக்குச் சவுக்காரம் போதும், முட்டிக்குத்தான் இது, ஒரு முட்டிக்கு இவ்வளவுதான் என்று தன் விரலில் அளவு காட்டினார். பயப்படாமல் தடவுங்கள், ரத்தத்தை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம், கிட்னி மோசமானால் நிறுத்திவிடலாம் என்றார். அம்மா "ஹரி நோனா" என்றார். நான் இந்தத் தடவை நம்பவில்லை. இனிமேல் தடவுவது என் வேலை என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அன்று மாலை அம்மா கட்டிலில் காலை நீட்டினார். முட்டியை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. டொக்டர் காட்டிய அளவை விரலில் எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா, கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

என் அம்மா தன் உடம்புக்கு என்று எதையும் இன்னும் கொஞ்சம் கேட்டு நான் கேட்டதில்லை. சோற்றுக்குக் கேட்டதில்லை, சுடுதண்ணிக்குக் கேட்டதில்லை. ஆனால் அளவு அவ்வளவுதான். டியூப்பை இறுக்கி மூடி எட்டாத இடத்தில் தள்ளி வைத்தேன்.

"போடுறேம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் தூங்கும்வரை வெறுங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.