அலுமாரியில் இருந்த அட்டைகள்

வீடு வீடாகப் போய், சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு எழுத்துப் பழக்குவது எப்படி என்று தாய்மாருக்குக் காட்டிக்கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடமாகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கொக்கிளாய் என்ற மீனவ ஊரில் நான் பட்ட வெட்கத்தைத்தான்.

ஜெசிந்தாவின் மகள் மெரீனாவுக்கு அப்போது நாலரை வயது. பேச்சு குறைவு. அயலில் 'மந்தம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "பள்ளிக்கூடத்தில ஆண்டு ஒண்டுக்குப் போக முதல் இவள் தேறீடுவாள்தானே, றீச்சர்?" என்று ஜெசிந்தா என் கையைப் பிடித்துக் கேட்டார். ஒரு பெட்டி எழுத்து அட்டைகளைக் கொடுத்து, தினமும் பிள்ளையை விளையாட விடச் சொன்னேன். புறப்படும்போது, எல்லாரிடமும் சொல்வதுபோல, "கவனமா வச்சிருங்கோ" என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பெட்டியைக் கேட்டேன். ஜெசிந்தா அலுமாரியைத் திறந்து, மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய பெட்டியை எடுத்தார். அட்டைகள் புத்தம் புதிதாக இருந்தன. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பிள்ளையைத் தொடவே விடேல்லையோ?"

"இல்லை றீச்சர். எங்கட மீன்கை, ஊத்தையாப்போடும். நீங்கள்தானே கவனமா வைக்கச் சொன்னனீங்கள்?"

பிள்ளையின் முன்னேற்றப் படிவத்தை எடுத்து, 'எழுத்தில் ஆர்வம்' என்பதற்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். இன்னொரு 'இல்லை' விழுந்தால் பிள்ளையைப் பரிசோதனைக்கு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். அவர் முகம் செத்துப்போனது.

"நான் ஒண்டொண்டா எடுத்துத் தூரத்தில வச்சுக் காட்டினனான், றீச்சர். அவள் அதைப் பாத்துக் கயித்தில செய்வாள். ஒருக்காப் பாருங்கோவன்."

மெரீனா முற்றத்து மணலில் குந்தினாள். பழைய வலைக் கயிறு ஒன்றைச் சுழித்து, வளைத்து, நேரே இழுத்துவிட்டாள். 'அ'. கலைத்தாள். 'ஆ'. பிறகு 'இ'. 'ஈ'யின் புள்ளிகளுக்குச் சிப்பி வைத்தாள். அட்டைப் பக்கம் திரும்பவேயில்லை. பென்சில் பிடித்தறியாத விரல்கள் அவை. இத்தனை வருடத்தில் அப்படியொன்றை நான் கண்டதில்லை.

'ஐ'க்கு வந்தபோது கயிறு போதவில்லை. நிமிர்ந்து, "றீச்சர், இன்னும் கயிறு தாங்கோ" என்றாள். என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஜெசிந்தா அழுதுவிட்டார். நானும்தான்.

அந்தப் படிவத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். ஜெசிந்தா என் சொல்லைத் தட்டவில்லை. நான் சொன்னதுதான் பிழை.

இப்போது பெட்டி கொடுக்கும்போது, முதல் அட்டையைத் தாயும் பிள்ளையும் பார்க்க நானே மடித்துக் கசக்கிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.