மூன்று லெட்சுமிகளும் ஒரு கம்ப்யூட்டரும்

போன மாதம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் அம்மாவுக்கு வேறொரு லெட்சுமியின் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு இருப்பது சீனி வருத்தம் எனும் நீரிழிவு. வந்தது பிரஷர் மாத்திரை. மூன்றாம் நாள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையிலேயே மயங்கி விழுந்தார். அதனால்தான், "நோயாளிகளைப் பதியப் புதுக் கம்ப்யூட்டர் வருகிறது, அவர்களும் பார்த்துக் குறை சொல்லலாம்" என்று ஆஸ்பத்திரியில் அறிவித்ததும் போன செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். குறை சொல்வதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம்.

அம்மா வந்தால் போதும் என்றார்கள். நான் எங்கள் தோட்டத்து மற்ற இரண்டு லெட்சுமிகளையும் சேர்த்துக்கொண்டேன்.

"எங்கள எதுக்குடி இழுத்துக்கிட்டுப் போற?" என்றார் லெட்சுமி சித்தி.

"பேரக் கூப்புட்டா எந்திரிங்க சித்தி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

காலை 5.45க்கு எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நடை. புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மூன்று கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்கார நுரை பூசிக்கொள்ளுங்கள். 6.40 பஸ்ஸில் கரவனெல்லவுக்குத் தலைக்கு முப்பது ரூபாய். வளைவுகளில் வரும் வாந்தி இலவசம். "கொஹேத யன்னே?" என்று எங்கே போகிறோம் எனக் கேட்டார் கண்டக்டர். மெஷினுக்கு வைத்தியம் பார்க்க என்று சிங்களத்திலேயே சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

8.10க்கு ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டருக்கு முன்னால் அதன் புரோகிராமை எழுதிய யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர். பக்கத்தில் நின்ற தாதி "லெட்சுமி!" என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்தார்கள்.

இளைஞர் சிரித்தார். "பிறந்த திகதியைச் சொல்லுங்கோ அம்மா. கம்ப்யூட்டர் ஆளைப் பிரிச்சிடும்."

"ஜனவரி ஒண்ணு," என்றார்கள் மூவரும்.

பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கெல்லாம் தோட்டத்துக் கிளாக்கர் எழுதிக்கொடுத்த திகதி அது. வருடமும் குத்துமதிப்புத்தான், அதன்படி மூவரும் ஒரே பிரசவம். அடையாள அட்டை இரண்டு பேருக்கு இன்னும் வரவில்லை. விலாசமும் ஒரே தோட்டம். திரையில் வீதியின் பெயருக்கு ஒரு பெட்டி இருந்தது. எங்களிடம்தான் வீதி இல்லை.

இளைஞரின் சிரிப்பு நின்றது. "அடுத்த முறை பார்ப்பம் அம்மா."

"அடுத்த தடவ வுழுந்தா எந்திரிப்பேனான்னு தெரியாதுங்க ஐயா," என்றார் அம்மா. "லயத்து நம்பரும் காம்பரா நம்பரும் போட்டுப் பாருங்க. காம்பரான்னா எங்க ரூமுங்க. ஒரே காம்பராவுல ரெண்டு லெட்சுமி இல்லீங்க."

சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு அசையவில்லை. 12.15 பஸ் போனது. 1.30 பஸ்ஸும் போனது. 2.05க்குத் திரையில் இரண்டு புதுப் பெட்டிகள் வந்தன.

"ஏழாம் லயம், மூண்டாம் காம்பரா, லெட்சுமி!" என்று இளைஞர் வாசித்தார்.

பழக்கத்தில் சித்தியும் பாதி எழுந்துவிட்டார். "ஒக்காரு லெட்சுமி, இது நானு," என்றார் அம்மா.

போகிறவர்களுக்கு: மருந்து எழுதும் கிளினிக் கொப்பி, சோற்றுப் பார்சல் இரண்டும் அவசியம். உங்கள் பெயரிலேயே ஊரில் இன்னொருவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்; வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். பஸ்ஸைத் தவறவிடவும் தயாராக இருங்கள்.

2.45 பஸ்ஸில் அம்மா அன்று வாங்கிய மாத்திரை உறையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். ஏழு, மூன்று, லெட்சுமி. ஐந்து தடவை வாசித்த பிறகுதான் பையில் வைத்தார்.