கடித்துப் பார்க்காத கிழங்கு

பெரியவளே, உனக்கு அப்போது நாலு வயது. சின்னவன் பிறந்து மூன்று மாதம். இரண்டாயிரமாவது வருடம் என்று நினைக்கிறேன், ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த வருடம் நடந்த ஒன்றை அம்மா உங்களிடம் சொல்லவே மாட்டாள். அதனால் அப்பா நான் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையில், திருப்புலி நாட்டு ஊர்களில், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு இரண்டு வகை போடுவோம். ஒன்று வீட்டில் தின்ன. மற்றது மலைக்குக் கீழே ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்ப. ஆலைக் கிழங்கு கசக்கும், அதில் விஷம் உண்டு. ஆலையில் அரைத்துக் கழுவிக் காயவைப்பதில் அது போய்விடும். சுட்டுத் தின்றால் போகாது. அதனால் இங்கே சமைக்கிற பெண்கள் எல்லோரும் கிழங்கின் முனையை நறுக்கிப் பச்சையாக ஒரு கடி கடித்துப் பார்ப்பார்கள். கசந்தால் துப்பிவிட்டுக் கிழங்கைத் தூர வீசிவிடுவார்கள்.

அந்த வருடம் அம்மாவுக்கு வேலை அதிகம். காலையில் சாமைக் காட்டில் களை எடுப்பாள். சின்னவனுக்குப் பலாமரக் கிளையில் தூளி. எறும்பு இறங்காமல் இருக்கத் தூளிக் கயிற்றில் மண்ணெண்ணெய் தடவி வைப்பாள். இரண்டு பாத்தி களை எடுத்ததும் அவன் அழுவான். ஓடிப்போய்ப் பால் கொடுப்பாள். அதற்குள் நீ வரப்பில் வழுக்கிச் சேறு பூசிக்கொண்டு நிற்பாய். உன்னைக் கழுவிவிட்டுத் திரும்பினால் அவன் தூளியை நனைத்திருப்பான். ஒருநாள் நான் மிளகுக் கொடியில் ஏணி வைத்து ஏறியிருந்தபோது கீழே இருந்து கத்தினாள்.

"ஏனுங்க! சீக்கிரம் எறங்கி வாங்க!"

பாம்பு கீம்பு என்று நினைத்துப் பாதி ஏணியிலிருந்தே குதித்தேன். முட்டித் தோல் பெயர்ந்துவிட்டது. வந்து பார்த்தால், சின்னவன் பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"இதுக்காடி கத்துன?"

"பின்ன? ஒங்க மகன் மொத மொதலாக் கவுந்துக்கிறான், நீங்க மரத்து மேல மெளகு எண்ணிக்கிட்டு இருந்தா ஆச்சுங்களா?"

களைத்துப் போயிருந்தவள், அப்படிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் சின்னவனுக்குத் தடுப்பூசி போட்டார்கள். உடம்பு கொதித்தது. பகல் முழுக்க வீறிட்டு அழுதான். நான் காட்டில் இருந்தேன். நீ பசிக்குது, பசிக்குது என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறாய். இடுப்பில் அவனை வைத்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போய், ஓரத்துச் செடியில் ஒரு கிழங்கைப் பிடுங்கி அடுப்புத் தணலில் போட்டாள். அன்று மட்டும் கடித்துப் பார்க்கவில்லை. நீ அதை வெல்லத்தோடு சேர்த்துத் தின்றாய். வெல்லத்தில் கசப்பு தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாய். தலை சுத்துது என்று சுவரைப் பிடித்தாய். பிறகு கால் நிற்கவில்லை. செய்தி கேட்டு நான் காட்டிலிருந்து ஓடிவந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜீப் குலுங்குகிற குலுக்கலில் ஒரு பக்கம் சின்னவனுக்குப் பால், மடியில் உன் தலை. "கண்ணு, தூங்காத சாமி, அம்மாவப் பாரு" என்று வழியெல்லாம் உன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள் காலையில் நீ கண்ணைத் திறந்து பன் வேண்டும் என்றாய். அம்மா நர்ஸிடம் போய், "எம்புள்ள பன்னு கேக்குதுங்க" என்று ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பமானது. என் அக்கா, உங்கள் அத்தை, வாசலில் நின்றே கேட்டாள்.

"ஒரு கடி கடிச்சுப் பாக்க வாய் வலிக்குதா ஒனக்கு? பெத்துப் போட்டாப் போதுமா?"

குழாயடியிலும் அதே பேச்சு. அம்மா குடத்தை வைத்ததும் பேச்சு நிற்கும், தூக்கியதும் தொடங்கும். அப்புறம் அவள் காலையில் போவதை விட்டுவிட்டு, யாரும் இல்லாத உச்சி வெயிலில் தண்ணீர் எடுத்தாள்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். முந்தின மழையில் இரண்டு வகை விதைக்குச்சியையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்தவன் நான். கட்டு அவிழ்ந்து கலந்துவிட்டது. பார்த்தால் தெரியாதா என்று நானாகப் பிரித்து நட்டேன். இலை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓரத்தில் நாலைந்து செடியின் காம்பு நிறம் வேறாக இருந்ததையும் பார்த்தேன். பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன். அக்கா கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலையில், அம்மா உன் கவுனையெல்லாம் மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பற?"

"பாப்பாவ ஆலத்தூர் நாட்டுல எங்கம்மா ஊட்டுல உட்டுட்டு வாரனுங்க. கொஞ்ச காலம் அங்கயே இருக்கட்டும். ரெண்டையும் பாக்க எனக்குத் துப்பில்லீங்க. அடுத்த தடவ இவ பொழைக்கோணுமே."

நீ ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் குதித்தாய். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குச்சி கலந்தது, காம்பு நிறம் பார்த்தது, மறந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த கவுனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா பேசறப்ப பக்கத்துல நின்னீங்களே?"

"நின்னேன்."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது? நா கடிச்சுப் பாத்திருக்கோணும், அது என் தப்புதான், இல்லேங்கல. ஒங்க தப்பக் கொழாயடியில போய்ச் சொல்லுங்க. கொடம் அந்தா இருக்குது."

குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். எட்டு பெண்கள் இருந்தார்கள், அக்காவும் இருந்தாள். ஆம்பளை தண்ணீர் பிடிக்க வந்ததைப் பார்த்ததுமே சிரிப்பு.

"என்னுங்க, ஊட்டுல தொரத்தி உட்டுட்டாங்களா?"

"ஆமாங்க" என்றேன். பிறகு சொன்னேன். குச்சி கலந்ததிலிருந்து மறந்தது வரை எல்லாம். குழாயில் பிடித்திருந்த குடம் நிரம்பி வழிந்தது. அக்கா என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"அட நாசமாப் போனவனே! இத்தன நாளு அவளக் காச்சுனனே, ஊமையாட்டம் நின்னியேடா!"

திட்டு முடிய நேரமானது. முடிந்ததும் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் அக்கா திட்டுச்சு."

"யார?"

"என்னத்தான்."

அவள் சின்னவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். பையில் இருந்த கவுன்களை எடுத்து மறுபடி கொடியில் போடச் சொன்னாள்.

"போட்டுட்டுப் பாப்பாவக் கூப்புடுங்க. இன்னும் தல பின்னல."

கூப்பிட்டேன். ஊருக்குப் போகவில்லை என்று தெரிந்து நீ அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சமாதானம் செய்ய அம்மாவுக்கு மத்தியானம் வரை ஆயிற்று. நான் அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓரத்துச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.